ஒகேனக்கல், வழி ஒயிட்ஃபீல்டு

ஞாயித்துக்கெழமை ஒகேனக்கல் போவணும். அவ்ளோதாங்க வேலை.

எங்க தங்கவயல்லேர்ந்து விடியக்காலைல கெளம்புனா, ஒழுங்கா அருவில குளிச்சு, மீன் வறுவல் துன்னுட்டு வரலாம். ஊரிகம் ஸ்டேஷன்ல பெங்களூரு ரயிலேறி, பங்காரப்பேட்டைல எறங்கி, ஜோலார்பேட்டை வண்டிக்கு மாறி, அங்கேர்ந்து பஸ்ஸு. பிளான் என்னுது!

என் சம்சாரம் கலைக்கு இது ரொம்ப நாள் ஆசை. அவங்க அக்கா பரிசல்ல உக்காந்து போட்டோ அனுப்புனதுலேர்ந்து எனக்கு டீ கூட ஆறித்தான் வருது.

"பங்காரப்பேட்டைல மாறணுமே, தூங்கிடப் போறீங்க"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம்!

"யாருகிட்ட சொல்ற? தெனம் பெங்களூருக்கு ரயில்ல போய் வர்றவன் நானு. ரயிலு விஷயத்த என்கிட்ட வுடு. நீ நிம்மதியா தூங்கு!"

இருட்டோட எழுந்து புளிசோறு கட்டுனவ, ரயில்ல உக்காந்ததும் தூங்கிட்டா. கல்யாணம் ஆனதுலேர்ந்து அன்னிக்குதான் என் பேச்சக் கேட்டா. காலேஜு படிக்கிற பொண்ணு பிரியா காதுல இயர்ஃபோனு.

லீவு நாளு, வண்டி காலி. மத்த நாள்ல துண்டு போட்டு சண்ட புடிக்கிற ஜன்னல் சீட்டு, அன்னிக்கு வாங்க வாங்கன்னு கூப்புடுது. உக்காந்தேன். தலைய கம்பில சாச்சேன். சும்மா, ஒரு ஸ்டைலுக்கு.

எங்க ஊரு ரயில்காரங்களுக்கு ஒரு வித்தை உண்டு. ஏறுனா தூக்கம், எறங்குற எடம் வந்தா தானா முழிப்பு. யாரும் எழுப்ப வாணாம்.

அதே மாதிரி டக்குனு முழிச்சேன். பையத் தூக்குனேன். "எழுந்திரு, எழுந்திரு, வந்தாச்சு!"ன்னு ரெண்டு பேரையும் தள்ளினு எறங்கிட்டேன்.

வண்டி போச்சு. நிமிந்து போர்டப் பாக்குறேன். ஒயிட்ஃபீல்டு. நான் தெனம் ஆபீசுக்கு எறங்குற ஸ்டேஷன்!

"இன்னாங்க இது?"ன்னா கலை.

"அது வந்து..."

பிரியா இயர்ஃபோனக் கழட்டுனா. "பங்காரப்பேட்டை அப்பவே போச்சுப்பா. நான் பாத்தேன்."

"பாத்தியா! எழுப்பக்கூடாதா?"

"நீதான ரயிலு விஷயத்த உங்கிட்ட வுடச் சொன்ன? வுட்டுட்டேன்."

விசாரிச்சேன். திரும்பி மாறி மாறிப் போய்ச் சேரும்போது பொழுது சாஞ்சு, பரிசலெல்லாம் கவுத்து வெச்சிருப்பாங்க. கலை திட்டுனா கூட தேவலாம். புளிசோத்துப் பைய மடில வெச்சினு தண்டவாளத்தையே பாத்துனு இருந்தா. எனக்கு நெசமாவே மனசு கஷ்டமாப் போச்சு.

அப்பத்தான் என் மூளை இன்னொரு தடவ வேலை செஞ்சுது.

"எங்க ஆபீஸ்ல ஒரு அருவி கீது. வரியா?"

பொய் இல்லீங்க! நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்குற கட்டடத்துல, ரிசப்ஷன்ல, செவுரு மேலேர்ந்து தண்ணி வழியுற மாதிரி ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்க.

வாசல்ல கன்னடக்கார செக்யூரிட்டி. "யாக் சார், சண்டேனூ பந்துபிட்ரா?"ன்னாரு. லீவு நாள்லயும் வேலைக்கு வந்துட்டேனாம், பரிதாபப்படுறாரு!

"இல்லீங்க, ஃபேமிலிக்கு அருவி காட்ட வந்தேன்."

மனுஷன் கலை மூஞ்சியப் பாத்தாரு. நேரா உள்ள போய் சுவிட்சப் போட்டாரு.

மொதல்ல கொழாய் ரெண்டு தும்மல் போட்டுது. அப்புறம் தண்ணி வழிஞ்சுது. சத்தமா? எங்க வூட்டு தண்ணி டேங்கு நெறஞ்சா இதவிட ஜாஸ்தி கேக்கும்.

சோபா ஓரமா உக்காந்து புளிசோறு துன்னோம். ஒகேனக்கல்ல மசாஜுக்குன்னு கொண்டாந்த நல்லெண்ணெ பாட்டில பிரியா வெளிய எடுத்தா. "உள்ள வெய்யி"ன்னேன்.

கை கழுவல, செக்யூரிட்டி வந்து நிக்கிறாரு. "வந்தது வந்துட்டீங்க சார், அந்த ரெண்டாவது லிஃப்டு ஒரு மாதிரி சத்தம் போடுது..."

அருவி பாக்க வந்தவன், ஸ்பேனரோட லிஃப்டு மேல ஏறுனேன்.

முடிச்சு, கிரீசத் தொடச்சினு வந்தா, கலை போன்ல அவங்க அக்காகிட்ட பேசினு இருக்கா. "அடுத்த வாரம் ஒகேனக்கல் மறுபடியும் போறீங்களாக்கா? நாங்க ரெண்டு பேரும் வந்துடறோம்."

"மூணு பேருடி!"ன்னேன்.

போன கையால பொத்தினு சொன்னா: "உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்குதான் ஆபீஸ்லயே தெனம் அருவி கொட்டுதே."