பொத்தான் எந்தப் பக்கம்

"கையத் தூக்காதீங்க! தூக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

மனைவி அடிக்குரலில் சொல்லி முடிப்பதற்குள் அவன் தூக்கிவிட்டான். கக்கத்தில் டர்ரென்று ஒரு சத்தம். நீலக் கோட்டு வாயைப் பிளந்தது.

ஆடைத் தொழிற்சாலையில் அவனுக்குப் பொத்தான் வைக்கும் மெஷினில் வேலை. ஊரே அவனைப் பொத்தான் என்றுதான் கூப்பிடும். கோட்டு அவனுடையதல்ல. அது சூப்பர்வைசர் கோட்டு. இன்று காலை மணி அடிப்பதற்குள் அதைப் போட்டுக்கொண்டு லைனில் நிற்கவேண்டியவள் அவன் மனைவி. நிற்காவிட்டால் அந்த வேலைக்கு மேனேஜரின் மச்சான் தயாராக இருந்தான்.

பொத்தான் பொய் சொல்கிறவன் இல்லை, பாவம். அக்கா வீட்டிலிருந்த அம்மாவிடம் போனில், "சூப்பர்வைசர் வேலை கிடைச்சிருக்கும்மா" என்றான். யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. அவ்வளவுதான். அம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

"எங்கடா, போட்டுக் காட்டு!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

கூடத்துச் சுவரில் அப்பாவின் படம். அதே மாதிரி நீலக் கோட்டு, முறுக்கிய மீசை. அப்பாவும் அம்மாவும் அந்தக் காலத்தில் அதே தொழிற்சாலையில்தான் இருந்தார்கள். அப்பா சூப்பர்வைசர், அம்மா தையல். சின்ன வயதிலிருந்து வீட்டில் அவன் கேட்டு வளர்ந்த கதை அது. படத்துக்குக் கீழே, கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு போய் நின்றான்.

"கைக்கு என்னடா ஆச்சு?"

"சூப்பர்வைசர்னா கைய வீசக் கூடாதும்மா."

"பொத்தானைப் போடு."

பழக்கதோஷத்தில் விரல்கள் வலப்பக்கம் தேடின. அங்கே பொத்தான் இல்லை, பொத்தானை நுழைக்கும் காஜாதான் இருந்தது. பெண்கள் கோட்டுக்குப் பொத்தான் இடப்பக்கம். நாளெல்லாம் பொத்தான் வைக்கிறவன் ஒரு பொத்தானைப் போட முடியாமல் தடவினான்.

"ஏன்டா இவ்ளோ இறுக்கமா இருக்கு?"

"பெரிய சைஸ் தீந்துபோச்சாம்மா."

"அதெப்படி? இரு, நானே வந்து மேனேஜரை ரெண்டு கேள்வி கேக்குறேன்." அம்மா செருப்பைத் தேடினாள்.

"ஐயோ வேணாம்மா! இன்னைக்கு எனக்கு லீவு!"

"மொதநாளே லீவா? அப்ப அவ எதுக்கு டப்பா கட்டுறா?"

"அவளுக்கும் லீவுதான்!"

டப்பா தரையில் ணங்கென்று உட்கார்ந்தது. மனைவி அவனை உள்ளே இழுத்துப் போனாள்.

"எனக்கு எதுக்குங்க லீவு?"

"ஒரே ஒரு நாள். அம்மா சாயங்காலம் கெளம்பிடுவாங்க."

"அத்தை கெளம்பிடுவாங்க. என் வேலையும் கூடவே கெளம்பிடும்." அவள் கண் கலங்கிவிட்டது. "நான் தொழில் சொல்லிக் குடுத்த ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா எனக்கே சூப்பர்வைசரா வந்தாங்க. அப்பல்லாம் உங்களுக்கு வெக்கமா இல்ல. நான் ஆனா மட்டும் வெக்கமா?"

செய்தி கேட்ட அன்று பொத்தானுக்குச் சந்தோஷம்தான். மறுநாள் டீக்கடையில் ஒருத்தன், "இனிமே வீட்லயும் உனக்கு சூப்பர்வைசரா?" என்று சிரித்தான். அது முள்ளாய்த் தைத்துக்கொண்டது. நாலு பேர் சிரிப்புக்குப் பயந்த மனிதன், வேறொன்றுமில்லை.

வாசற்படியில் அம்மா நின்றாள். கையில் ஊசியும் நூலும்.

"கழட்டுடா."

கழற்றினான். அம்மா கோட்டை வாங்கிக்கொண்டாள். கிழிந்த இடத்தைச் சரசரவென்று தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். கோட்டை மருமகள் தோளில் போட்டு, பொத்தான்களைத் தானே மாட்டிவிட்டாள். மாட்டிய பிறகும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓடும்மா. மணி அடிச்சிடப்போகுது."

அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பொத்தான் தலையைச் சொறிந்தான். "எப்பம்மா கண்டுபிடிச்ச?"

"நீ பொத்தானைத் தடவுனப்பவே."

"தப்புதாம்மா. இருந்தாலும் அப்பா இருந்திருந்தா என்ன நெனச்சிருப்பாரு? அவரு சூப்பர்வைசர், நான் இன்னும் பொத்தான் வெச்சிட்டிருக்கேன்."

"கிட்டப் போய் அந்தப் படத்தப் பாரு. பொத்தான் எந்தப் பக்கம் இருக்கு?"

போய்ப் பார்த்தான். பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற படம். அப்பாவின் கோட்டிலும் பொத்தான் அவருக்கு இடப்பக்கம் இருந்தது. வயிற்றுக்கு மேல் துணி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை விலாவோடு ஒட்டியிருந்தது.

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அந்தப் படத்துக்கு உங்கப்பா என் கோட்டைப் போட்டுக்கத்தான்டா நான் ஒரே ஒரு நாள் லீவு போட்டேன்; மறுநாள் போனா, என் கோட்டு வேற ஒருத்தர் மேல இருந்துச்சு."