மாமனார் லேப்டாப்புல எஸ்.எஸ்.டி. போட்டேன்

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு ஒரே ஒரு வேலைதான். தஞ்சாவூர்லேர்ந்து பேராவூரணி போயி, மாமனாரோட லேப்டாப்புல பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டிட்டு வரணும்.

யாரும் கேக்கல. நானாத்தான் கிளம்பினேன்.

நான் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருக்கிறதுதான் என் தொழில். ஆனா தோள்ல லேப்டாப் பை மாட்டின எல்லாரும் கம்ப்யூட்டர் இன்ஜினியர்னு மாமா நம்பறாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அதை மறுக்கல.

மாமாவுக்குத் தேங்காய் வியாபாரம். லேப்டாப்பை வாங்கிக் கொடுத்தது துபாய்ல இருக்கிற மூத்த மாப்பிள்ளை, அதாவது என் சகலை. தினமும் காலையில பேரன் ஸ்கூலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மாமா அதுல வீடியோ கால் பேசுவாரு.

"போன்லயே பேசலாமே மாமா?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"போன்ல பேரன் முகம் நெல்லிக்காய் சைஸுக்குத் தெரியுது மாப்ள."

சரி. ஆனா அந்த லேப்டாப் ஆன் ஆகுறதுக்குள்ள ஒரு மனுஷன் குளிச்சிட்டே வந்துடலாம். இதை நான் கிண்டலாத்தான் சொன்னேன். அது உண்மைன்னு அப்ப எனக்குத் தெரியாது.

மூத்த மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்ததை சின்ன மாப்பிள்ளை பறக்க விட்டான்னு பேர் வரட்டுமேன்னு ஒரு ஆசை. அவ்ளோதான்.

லேப்டாப்பைத் திறந்தேன். ஃபேன் முழுக்கத் தேங்காய் நார்! ஒரு கயிறே திரிக்கலாம். ஊதித் தள்ளிட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டினேன்.

மாமா கிட்ட உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. புது எஸ்.எஸ்.டி.யை வாங்கி, காதோரம் வெச்சு ரெண்டு ஆட்டு ஆட்டினாரு.

"உள்ள ஒண்ணும் ஆடலையே மாப்ள. காய் வத்திப் போச்சா?"

"பழசுல தட்டு ஒண்ணு சுத்தும் மாமா. இதுல சுத்துறதுக்கு எதுவுமே கிடையாது. பென் டிரைவோட அண்ணன்னு வெச்சுக்கங்க."

"எடையே இல்லையே."

"அதான் மாமா அதோட சிறப்பு."

தேங்காய் வியாபாரிகிட்ட எடை இல்லாதது சிறப்புன்னு சொன்ன முதல் ஆள் நான்தான்னு நினைக்கிறேன்.

அத்தை குங்குமத்தோட வந்தாங்க. "புதுசு இல்லையா, ஒரு பொட்டு வெச்சுடுறேன்." வேண்டாம்னு சொல்றதுக்குள்ள வெச்சுட்டாங்க. பொட்டோடதான் உள்ள போச்சு.

பழசுல இருந்தது எல்லாத்தையும் புதுசுக்குக் காப்பி பண்ணி, மூடி, பட்டனை அமுக்கினேன். படக்குன்னு வந்துச்சு!

மாமா ஸ்க்ரீனைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்துச்சு. சட்டைப் பையில போட்டுக்கிட்டு ஊருக்கு வந்துட்டேன்.

திங்கக்கிழமை காலையில போன்.

"மாப்ள, லேப்டாப் எந்திரிக்கல."

"பட்டனை ஒரு தடவை லேசா அமுக்குங்க மாமா."

"ஆங், வந்துடுச்சு. ஆனா பையன் ஸ்கூலுக்குப் போயிட்டான்."

செவ்வாக்கிழமையும் அதே போன், அதே பதில். "நீங்க சொன்னாத்தான் மாப்ள வருது. என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அன்னிக்கு என் மனைவி கவிதா சொன்னா: "அப்பா உங்களை ஒண்ணும் சொல்லலையாம். அம்மா போன் பண்ணி சொன்னாங்க, அப்பா ஒண்ணும் சொல்லலன்னு."

இதுக்கு அவரு ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை துபாய்லேர்ந்து சகலை கூப்பிட்டாரு. ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு. "பரவாயில்ல சகலை. பழைய லேப்டாப்தானே. பையன்தான் தாத்தா எங்கன்னு அழுதுட்டே ஸ்கூலுக்குப் போறான்."

உடனே வண்டியை எடுத்தேன். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி. மாமா முன்னாடி உக்காந்து பட்டனை அமுக்கினேன். படக்குன்னு வந்துச்சு. அணைச்சு அமுக்கினேன். வந்துச்சு. மாமாவை அமுக்கச் சொன்னேன். அப்பவும் வந்துச்சு.

"நீங்க இருந்தா ஒழுங்கா இருக்கு மாப்ள."

இதைக் கேக்க சந்தோஷமாத்தான் இருந்திருக்கணும். சரி, ராத்திரி இங்கயே தங்கி, காலையில என்னதான் நடக்குதுன்னு பாத்துடுவோம்னு முடிவு பண்ணேன்.

காலையில மாமா வந்தாரு. பட்டனை அமுக்கினாரு. ஸ்க்ரீன் பக்கமே திரும்பல. தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு குளிக்க நேரா போர்செட்டுக்குக் கிளம்பிட்டாரு!

லேப்டாப் படக்குன்னு வந்து, ஆளைக் காணாம உக்காந்திருந்துச்சு.

மாமா குளிச்சாரு. விபூதி பூசினாரு. மட்டை உரிக்க வந்த ஆளுங்ககிட்ட சத்தம் போட்டாரு. காபி குடிச்சாரு. அதுக்குள்ள லேப்டாப் தானா ஸ்க்ரீனை அணைச்சிட்டுத் தூங்கிப் போச்சு.

மாமா வந்து பாத்தாரு. கறுப்பு.

"பாத்தீங்களா மாப்ள?"ன்னு சொல்லிட்டு, மோட்டார் ஸ்டார்ட்டரை அமுக்குற மாதிரி பட்டனை அழுத்திப் பிடிச்சாரு. இருந்த சின்ன லைட்டும் போச்சு.

"கை வெச்ச உடனே உயிர் போகுது பாருங்க!"

எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

"மாமா, இது போட்ட உடனே வந்துடும். போட்டுட்டு நீங்க குளிக்கப் போகக் கூடாது."

"குளிக்காம எப்படி மாப்ள பேரன்கிட்ட பேசுறது?"

"குளிச்சிட்டு வந்து போடுங்க."

"அப்ப அது எப்ப வர்றது?"

"உடனே வந்துடும் மாமா."

மாமா என்னைப் பரிதாபமாப் பாத்தாரு. "மாப்ள, நாங்க கடைமடைக்காரங்க. மேட்டூர்ல தண்ணி திறந்தா இங்க என்னைக்கு வரும்னு பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிற ஊரு இது. உடனே வர்றதுன்னு எங்களுக்கு எதுவும் கிடையாது."

மனுஷனை மாத்த முடியாது, செட்டிங்கை மாத்துவோம்னு உக்காந்தேன். ஸ்க்ரீன் எப்பவும் அணையக் கூடாதுன்னு வெச்சேன். பட்டனை அமுக்கினா ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வெச்சேன். "இனிமே பட்டனை அழுத்திப் பிடிக்கவே கூடாது மாமா"ன்னு கண்டிப்பாச் சொல்லிட்டு, பெருமையா தஞ்சாவூர் வந்து சேந்தேன்.

அன்னிக்குச் சாயங்காலமே போன்.

"மாப்ள, லேப்டாப் அணைய மாட்டேங்குது."

"என்ன மாமா?"

"பட்டனை லேசா அமுக்கிப் பாத்தேன், அணையல. அழுத்திப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க, அதனால பிடிக்கல. துண்டைப் போட்டு மூடினேன், உள்ளேர்ந்து சூடா வருது. வெடிச்சிடும்னு உங்க அத்தை அதைத் தூக்கி வாசல்ல வெச்சுட்டாங்க."

பின்னாடி அத்தை குரல்: "ஆடு ஏதாவது மிதிச்சிடப் போகுது, பாருங்க!"

அப்புறம் மாமா ரொம்பப் பக்குவமாக் கேட்டாரு.

"மாப்ள, அந்தப் பழசை எங்க வெச்சிருக்கீங்க?"

அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி. பொட்டு வெச்ச எஸ்.எஸ்.டி.யைக் கழட்டினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டினேன். செட்டிங் எல்லாம் பழையபடி ஆச்சு. மாமா பட்டனை அமுக்கினாரு. உள்ள தட்டு கர்ர்னு சுத்துச்சு. மாமா முகத்துல அப்படி ஒரு நிம்மதி!

"இப்ப சரி. சத்தம் கேக்குது பாருங்க"ன்னு துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டாரு.

அவரு போயிட்டு வர்றதுக்கும், அது வர்றதுக்கும் கச்சிதமா இருந்துச்சு. துபாய்ல பேரன் சிரிச்சான். அன்னிக்கு லீவுங்கிறதால ரொம்ப நேரம் பேசினாங்க. "சின்ன மாப்பிள்ளைதான் வந்து ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாரு"ன்னு மாமா சகலைகிட்டயே சொன்னாரு. நான் மறுக்கல.

நேத்து ஒரு போன். மாமாவோட கூட்டாளி, பக்கத்துத் தோப்புக்காரர்.

"தம்பி, எங்க வீட்டு லேப்டாப் ரொம்ப அவசரப்படுது. நீங்க வந்தா நிதானமாக்கிக் கொடுப்பீங்களாமே?"

ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கேன்.