சைதாப்பேட்டைச் சம்பந்தியும் மகோகனி மன்றாட்டும்

மயிலாப்பூர்,
9-6-1941

மகாராஜராஜஸ்ரீ ஆம்ப்ரோஸ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ராஜநாயகம் தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் நானும் மகள் நோராவும் சௌக்கியம். என் மானம் மட்டும் சௌக்கியமில்லை. அக்காளுக்கு மூட்டுவலி தேவலையா?

நோராவைப் பெண் பார்க்க வரும் சைதாப்பேட்டைக்காரர்களுக்கு, நான் லத்தீனில் கரை கண்டவன் என்று தாங்கள் எழுதிவிட்டீர்கள். நாற்பது வருஷமாகப் பூசையில் லத்தீனில் பதில் சொல்கிறேனே தவிர, ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காமல் போனால் ஊர் பேசுமாம். அடையாற்று மரத்தோட்டத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருக்கட்டும் என்றார்கள். நேற்று ஒன்பது பேர், மூன்று டிபன் காரியர், ஒரு ஜமக்காளத்தோடு தற்செயலாக வந்து சேர்ந்தார்கள். யாரோ ஒரு துரை நூறு வருஷத்துக்கு முன்பு கப்பலில் கொண்டுவந்து நட்ட அபூர்வ மரங்கள், ஒவ்வொன்றிலும் லத்தீனில் ஒரு பலகை. முதல் மரத்தடியிலேயே பையனின் தாயார் ஆனியம்மாள் நின்று, "இன்னா எழுதிக்கீது சம்பந்தி? படிங்களேன்" என்றார். லத்தீனைக் கண்டால் என் வாய்க்குக் கோயில் ராகம்தான் வரும். "ஸ்வீட்டேனியா மகோகனீ..." என்று இழுத்தேன். அந்த அம்மாள் சடாரென்று முழந்தாளிட்டு, "ஓரா ப்ரோ நோபிஸ்" என்று பதில் சொன்னார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று புனிதர்கள் மன்றாட்டில் சொல்வோமே, அதேதான். கூட வந்த எல்லாரும் முழந்தாளிட்டார்கள். எந்த தேசத்துப் புனிதர் என்று கேட்டார். இத்தாலி தேசத்து வேதசாட்சி, மரத்தில் கட்டி எரித்தார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். அப்புறம் நிறுத்த முடியுமா? பதினேழு மரம், அத்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் கட்டினேன்! அரசமரத்துக்குக்கூட முழந்தாளிட்டோம். தோட்டக்கார வேலு மண்வெட்டியோடு ஓடிவந்து, "இன்னா நைனா, மரத்துப் பேரைச் சொல்லிக் கும்புட்டுகினு கீறீங்க?" என்று போட்டு உடைத்தான். ஆனியம்மாள், "சும்மா கெட! சாமி பேருக்கு மரியாதை குடு" என்று போட்ட அதட்டலில் அவனும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு முழந்தாளிட்டான். பையன் இக்னேஷியஸ்தான் எல்லாரையும்விட உரக்கப் பதில் சொன்னான். நோரா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். பையன் பக்திமான் என்று நானும் மகிழ்ந்துபோனேன். புறப்படும்போதுதான் தெரிந்தது, பையனுக்குக் காலேஜில் தாவர சாஸ்திரம் போதிக்கிற உத்தியோகமாம்!

தாயில்லாப் பெண். என் வாய்க்கொழுப்பால் அவள் வாழ்வு கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறேன். எனக்கு லத்தீன் தெரியாது என்ற உண்மையைத் தாங்களே இது கிடைத்த அன்றே ஆனியம்மாளுக்கு எழுதி, மன்னிப்புக் கேட்டுவிடவும். அக்காளையும் பிள்ளைகளையும் தேவமாதா காப்பாற்றுவார்களாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மைத்துனன்,
ராஜநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பையனிடமிருந்து சீட்டு வந்தது. "மாமா, மகோகனியை வேதசாட்சி ஆக்கியது சரி. நாகலிங்க மரத்தைப் போப்பாண்டவர் ஆக்கியது கொஞ்சம் அதிகம். அம்மாவிடம் சொல்லமாட்டேன். நோராவை எனக்குப் பிடித்திருக்கிறது." ஆகையால் தாங்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம், நான் லத்தீனில் கரை கண்டவன்தான். ஒரே ஒரு சங்கடம். முதல் பேரனுக்கு மகோகனி என்று ஞானஸ்நானப் பெயர் வைப்பதாக ஆனியம்மாள் அந்த மரத்தடியிலேயே நேர்ந்துகொண்டாராம்.