திரையில் எல்லாம் பச்சை

ஒரு மனிதனைக் கெடுக்கப் பணமோ பதவியோ கொடுக்கத் தேவையில்லை. எதையாவது கண்காணிக்கிற வேலையைக் கொடுத்தால் போதும். திருவிழாவில் செருப்புப் பார்க்க நிற்பவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வாரத்தில் அவர் நடக்கிற நடையே மாறிவிடும். எனக்கு இருபத்தைந்து வயதில் மூன்று இரும்புப் பெட்டிகளைக் கண்காணிக்கிற வேலை கிடைத்தது. அதனால் என் தங்கையின் கலியாணத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். (அவள் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிடுவது நல்லது. அவள் சொன்னால் நடித்தும் காட்டுவாள்.)

அது சமாதான காலம். சுனாமிக்கு அடுத்த வருடம். எங்கள் தீவுகளைச் சுனாமி பெரிதாகத் தொடவில்லை. ஆனால் அதன் பின்னால் வந்த நிறுவனங்கள் எங்களை விட்டுவைக்கவில்லை. அவற்றில் ஒன்று ஊர்காவற்றுறையில் அலுவலகம் திறந்து, கொழும்பில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைத் தகவல் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆக்கியது. தீவுச் சனத்தின் காணி உறுதிப் பத்திரம், பிறப்புப் பதிவு, படகுப் பதிவு எல்லாவற்றையும் படம் பிடித்துச் சேமிப்பது திட்டம். கடல் மறுபடி வந்தாலும் அழியக்கூடாது என்று ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என மூன்று இடங்களில் பிரதி. மூன்றும் ஒரே கடலில், ஒரே தாழ்வில் கிடக்கிற தீவுகள் என்பதை எங்கோ குளிர்நாட்டில் இருந்து திட்டம் எழுதியவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் சம்பளம் நின்றுவிடுமே என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. உள்ளே வரிசையாக ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று செத்தாலும் மற்றவை அதன் வேலையைத் தாங்கிக்கொள்ளும். (எங்கள் அலுவலகத்தில் மனிதர்களிடம் இல்லாத குணம்.) அவற்றுக்குக் குளிர் வேண்டும் என்பதால் ஏசி அறை, தனி ஜெனரேட்டர். அந்த நாளில் நெடுந்தீவுச் சனத்துக்கு மாலையில் கொஞ்ச நேரம்தான் மின்சாரம். எங்கள் டிஸ்க்குகளுக்கு இரவு பகலாக இருந்தது. முழுத் தீவும் வியர்வையில் கிடக்க, ஒருவரும் கேட்காத காணி உறுதிகள் குளிரில் உறங்கின.

இந்தப் பெட்டிகளைத் தானாகத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் நலத்தையும் திரையில் காட்டுவதற்கு ஒரு மென்பொருள் வந்தது. அதை நிறுவுவது என் பொறுப்பு. முகவரி எல்லையைக் கொடுத்தால் அதுவே போய்த் தேடும் என்று புத்தகம் சொன்னது. முதல் தேடலில் அது எங்கள் திட்ட இணைப்பாளரின் அறையில் இருந்த பிரிண்டரைக் கண்டுபிடித்து, மிகவும் நலம் என்று அறிவித்தது. பிறகு கடல் தாண்டி நயினாதீவுப் பெட்டியைக் கண்டது, அதற்கும் அப்பால் நெடுந்தீவுப் பெட்டியையும் கண்டது. ஊர்காவற்றுறைப் பெட்டியை மட்டும் அதற்குக் காணவே கிடைக்கவில்லை. நான் மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த மூன்று நாளும் என் தேநீர்க் கோப்பை அந்தப் பெட்டியின் மேல்தான் இருந்தது. முகவரியில் ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்திருக்கிறேன்.

ஒருவழியாக மூன்று வட்டமும் திரையில் பச்சையாகத் தெரிந்தபோது, அந்தக் கடலையே நான்தான் கண்டுபிடித்தவன் போல நாற்காலியில் சாய்ந்தேன். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஏலவில்லை. ஒவ்வோர் அறையின் வெப்பநிலை, ஒவ்வொரு கதவின் திறப்பு, எல்லாம் என் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ் ஆக வரும்படி செய்தேன். நெடுந்தீவு ஏசியை ஊர்காவற்றுறையில் இருந்தபடியே நிறுத்தவும் போடவும் ஒரு சுவிட்சும் பொருத்தினேன்.

ஒரே ஒரு தொல்லை. நயினாதீவுத் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் வழியாகத்தான் நெடுந்தீவுக்கு இணைப்பு. தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று எழும்பினால் இணைப்பு அறும், பச்சை வட்டம் சாம்பலாகும். வெளிநாட்டு விருந்தினர் வருகிற நேரம் பார்த்துச் சாம்பலாவது இணைப்பாளருக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, இது எப்பவும் பச்சையா நிக்க ஒரு வழியும் இல்லையோ?" என்று கேட்டார்.

இருந்தது. தொடர்பு அறுந்தால் கடைசியாகக் கிடைத்த அளவையே காட்டிக்கொண்டிரு என்று ஒரு சின்னச் சதுரம். அதில் நான் சரி போட்டேன். இணைப்பாளர் என் தோளில் தட்டினார்.

இந்த நேரத்தில்தான் தங்கை ரெஜினாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை அன்ரன், நெடுந்தீவுப் பிள்ளை. மாப்பிள்ளையின் தாயாருக்கு முழங்கால் வருத்தம், வள்ளத்தில் ஏற ஏலாது என்பதால் கலியாணப் பூசை நெடுந்தீவில் என்று முடிவாயிற்று. எங்களுக்கு அப்பா இல்லை. சுருவிலில் எங்கள் வீட்டில் அம்மா என்னைக் கூப்பிட்டு வைத்து ஒன்றுதான் சொன்னார்.

"அப்பான்ர இடத்தில நீதான் நிக்கோணும். எங்கட பக்கத்தால ஒரு குறை எண்டு அவையள் வாய் திறக்கப்படாது."

எனக்கு அது பெரிய காரியமாகவே படவில்லை. மூன்று தீவைப் பார்க்கிறவன் ஒரு கலியாணத்தைப் பார்க்க மாட்டானா?

அவர்கள் பக்கத்தில் கேக் பொறுப்பு மாப்பிள்ளையின் பெரியம்மா பிலோமினா ரீச்சருடையது. நெடுந்தீவில் பாதிப் பேருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர். மூன்று தட்டுக் கேக், மூன்றும் அசல் ரிச் கேக், முந்திரிகை வத்தல் ஒவ்வொன்றும் தன் கையால் வெட்டியது என்று தீவு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். மேலே வெள்ளை ஐசிங்கில் இரண்டு புறா.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை சூசை அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். நெடுந்தீவுப் பெட்டி அறையின் காவலாளி அவர்தான். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறையும் கூட.

"தம்பி, அந்த அறைக்குள்ள ஒரு சாமான் வைக்கலாமோ? ஒரு நாளைக்குத்தான்."

"ஏலாது அண்ணை. அது டேட்டா சென்டர்."

"பெரிய சாமான் இல்லைத் தம்பி. குளிர் கொஞ்சம்..."

"சின்னச் சாமானெண்டாலும் ஏலாது. விதி எண்டா விதிதான்."

"ஓம் தம்பி" என்று வைத்துவிட்டார். அது கேக் என்று அவர் சொல்லவில்லை. என்ன சாமான் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மத்தியானம் வீடு முழுக்கப் பலகாரமும் பெண்களுமாக இருந்தபோது என் கைபேசி துடித்தது. நெடுந்தீவு அறை பதினாறு பாகைக்கு இறங்கிவிட்டது, கதவு நாலைந்து முறை திறபட்டிருக்கிறது. குளிர் மிஞ்சினால் பெட்டிக்குள் ஈரம் பிடிக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கிணற்றுக் கட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். சொந்தக்காரர் எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற திருப்தியோடு ஏறினேன்.

"அண்ணை, அறை ஏன் இப்பிடிக் குளிருது?"

"நல்ல வெயில் தம்பி. அதான் கொஞ்சம் கூட்டிவிட்டனான். குளிரா இருந்தா நல்லதெண்டு நீங்கதானே சொன்னனீங்கள்."

"நல்லதுக்கும் ஒரு அளவு இருக்கு. இனி நாளைக்குக் காலமை வரைக்கும் ஒருத்தரும் கதவு திறக்கப்படாது. திறந்தா எனக்குத் தெரியும்."

"ஓம் தம்பி."

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? பந்தல்காரரைப் பாதியில் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். நெடுந்தீவு ஏசியை ஒரு சொடுக்கில் நிறுத்தினேன். இருபத்துநாலு பாகைக்கு மேல் போனால் ஏசி தானாகப் போடட்டும் என்று ஒரு கட்டளையும் எழுதினேன். பதினேழு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று இலக்கம் ஏறி வந்தது. இருபத்தொன்றில் அப்படியே நின்றது. பச்சை. அரை மணித்தியாலம் பார்த்தேன், அசையவில்லை. என்ன ஒரு நிதானமான அறை என்று மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெளியே சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்து போயிருந்தது. நான் சரி போட்ட சின்னச் சதுரம் சொன்னபடி கடைசி அளவையே காட்டிக்கொண்டிருந்தது. அங்கே பூட்டிய அறைக்குள், ஏசி இல்லாமல், டிஸ்க்குகள் சூட்டை ஊதிக்கொண்டிருந்தன. என் கட்டளை இருபத்துநாலு பாகைக்காகக் காத்திருந்தது. சூசை அண்ணை எனக்குப் பயந்து கதவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காற்று ஓயத் தொடங்கியிருந்தது. குறிகட்டுவானில் இருந்து வள்ளம் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். மாதா கோயில் நிறைந்த சனம். பூசை தொடங்கும் முன் கைபேசிகளை நிறுத்தச் சொல்லிச் சுவாமியார் கேட்டுக்கொண்டார். எல்லோரும் நிறுத்தினார்கள். கண்காணிக்கிறவன் நிறுத்தலாமா? நான் சத்தத்தை மட்டும் குறைத்து, கோட்டுப் பைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

மோதிரம் மந்திரித்து, சுவாமியார் அன்ரனிடம் சம்மதம் கேட்டு, அவர் ஓம் என்று சொல்லி, ரெஜினாவின் பக்கம் திரும்பியபோது நெஞ்சு துடித்தது. பாசத்தில் அல்ல. எடுத்துப் பார்த்தேன். அறுந்திருந்த இணைப்பு அப்போதுதான் திரும்பியிருக்கிறது. நெடுந்தீவு, கதவு திறந்துள்ளது. அதன் பின்னாலேயே இன்னொன்று. நெடுந்தீவு, வெப்பநிலை நாற்பத்துமூன்று.

கள்ளன், அல்லது நெருப்பு. வேறு எதுவும் என் மூளைக்கு எட்டவில்லை. பெட்டி அறை கோயிலுக்குப் பின்னால் சங்கக் கட்டடத்தில் இருந்தது. நான் ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் ஓடினால், ஏன் ஓடுகிறான் என்று நின்று விசாரிக்கிற பழக்கம் சனத்துக்கு இல்லை. அத்தனை வருடத்துச் சண்டை அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டது. பெண் வீட்டுத் தலைவன், கோட்டோடு, மோதிரம் மாற்றுகிற நேரத்தில், கைபேசியைப் பார்த்துவிட்டு ஓடுகிறான் என்றால் சமாதானம் முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். பின்வரிசையில் உட்காரும் வாங்குகள் முதலில் காலியாகின. சிலர் வாங்குகளுக்கு இடையில் குப்புறப் படுத்தார்கள். தாய்மார் தங்கள் பிள்ளை எது, மற்றவர் பிள்ளை எது என்று பாராமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குப் பின்னால் ஐம்பது பேராவது வந்திருப்பார்கள். சுவாமியார் மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு அறைக்குள் இரண்டு உருவம்தான் தெரிந்தது.

"ஆர் உங்களை உள்ளுக்கு விட்டது? வெளியில வாங்கோ" என்று கத்தினேன்.

உருவங்களில் ஒன்று திரும்பியது. பிலோமினா ரீச்சர். முழங்கை வரை வெள்ளையாக இருந்தார். பக்கத்தில் சூசை அண்ணை.

"நீரோ ஏசியை நிப்பாட்டினது?" என்று ரீச்சர் கேட்டார். வகுப்பில் கேட்கிற அதே குரல்.

"ரீச்சர், அறை கூடக் குளிர்ந்து போச்சு. பெட்டிக்குள்ள ஈரம் பிடிக்கும்..."

"பெட்டிக்கு ஈரம் பிடிக்குமோ. பிள்ளையின்ர கேக்குக்கு என்ன பிடிச்சிருக்கெண்டு பாரும்."

கேக்கைப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தார்கள். (கீழே வைத்தால் எறும்பு ஏறும் என்று சூசை அண்ணை பிறகு விளக்கம் தந்தார்.) ஐசிங் முழுவதும் வழிந்து, பெட்டியின் காற்றுத் துவாரங்கள் வழியாக டிஸ்க்குகளுக்குள் இறங்கியிருந்தது. புறாக்களில் ஒன்று நிலத்தில் கிடந்தது. மற்றதைக் காணவில்லை. கீழ்த் தட்டு மண்ணிறமாகத் தெரிந்தது, கேக்தான். மேலே இருந்த இரண்டு தட்டும் வெறும் வெள்ளை ரெஜிபோம். ரீவி வாங்கும்போது பெட்டிக்குள் அடைத்து வருமே, அதுவேதான்.

ஐம்பது பேரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். குண்டு இல்லை, நெருப்பு இல்லை என்று தெரிந்ததும் எல்லோருடைய கண்ணும் கேக்கில் நின்றது.

"ரெஜிபோம் எல்லே" என்று ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது.

ரீச்சரின் முகம் விழுந்த விதத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவருடைய கண்ணியத்தை நாற்பத்துமூன்று பாகையில் உருக்கியவன் நான். மேல் தட்டுகளை ரெஜிபோமில் செய்வது ஊர் உலகத்தில் எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் ஒருவருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தால் குறை வரக்கூடாது என்று அம்மா சொன்னார். நான் அவர்கள் பக்கத்துக் குறையையும் சேர்த்து வெளியே கொண்டுவந்துவிட்டேன்.

நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுவாமியார் இருந்த சனத்தை வைத்துக்கொண்டு கலியாணத்தை நிறைவேற்றிவிட்டார். அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"உன்னை முன்னுக்கு நிக்கச் சொன்னது. முன்னுக்கு ஓடச் சொல்லேல்லை."

விருந்தில், சுரண்டித் துடைத்த கீழ்த் தட்டை ஒரு லேஸ் துணியின் மேல் வைத்து ரெஜினாவும் அன்ரனும் வெட்டினார்கள். படத்தில் செங்கல் வெட்டுவது போல இருக்கும். ரீச்சர் எனக்குக் கேக் துண்டு தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பெட்டி செத்துப்போனது. திங்கட்கிழமை இணைப்பாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். மூன்று வட்டமும் பச்சை. நெடுந்தீவுப் பெட்டி, சாவதற்கு முன் கடைசியாக அனுப்பிய அளவில் நலமாக இருந்தது.

"பச்சைதானே காட்டுது" என்றார். அடுத்த மாதம் வந்த விருந்தினர் அந்தத் திரையோடு நின்று படம் எடுத்தார்கள். மூன்று தீவுகளின் ஆவணங்களும் பாதுகாப்பாக உள்ளன என்று அறிக்கை போனது. நெடுந்தீவில் இருந்து ஒருவரும் எந்தக் காணி உறுதியையும் கேட்கவில்லை. திட்டம் முடியும்வரை ஐசிங் குடித்த அந்தப் பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடியது.

என் தங்கை வீட்டில் நிலைத்து நின்றது வேறு. அது கலியாண வீடியோ. வீடியோக்காரரும் எங்கள் ஊர்க்காரர்தானே. நான் ஓடத் தொடங்கியதும் கமராவை என் பக்கம் திருப்பிவிட்டார். படத்தில் என் முதுகு கோயில் வாசல்வரை போகிறது. அந்த முதுகின் மேல், தூரத்தில், ரெஜினாவின் குரல் "ஓம்" என்று சொல்வது மட்டும் கேட்கிறது.

இப்போது அவர்கள் யாழ்ப்பாணத்தில் எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார்கள். ஒவ்வொரு சண்டையிலும் அன்ரன் இதைத்தான் எடுப்பார்.

"நீர் சம்மதம் சொன்னதுக்கு என்ன சாட்சி? படத்தில உம்மட முகமே இல்லை. உம்மட அண்ணற்ர முதுகுதான் இருக்கு."

"அப்ப நீங்கள் கட்டினது அண்ணாவைத்தான். அங்க போய்ச் சாப்பாடு கேளுங்கோ" என்பாள் ரெஜினா.

இரண்டு முறை அவர் உண்மையாகவே வந்துவிட்டார். சோறு போட்டேன்.