ஹவில்தார் இருளப்பசாமி வழுக்காமல் குளித்த படலம்

வாழ்க, பனிமலைச் சரிவில் பாரம் சுமந்து ஏறிய பெருந்தாளோன்! வாழ்க, உறைந்த ஆற்றின் மேல் துப்பாக்கியேந்தி நடந்தும் ஒருநாளும் அடி பிறழாத திண்தோளோன்! வாழ்க, சுந்தரபாண்டியம் ஈன்ற செம்மல், முறுக்குமீசை முதல்வன், ஓய்வுபெற்ற ஹவில்தார் இருளப்பசாமி! எட்டுத் திக்கும் வாய் மூடிச் செவி சாய்க்கட்டும். ராஜபாளையத்து லாட்ஜ் ஒன்றின் மாடி அறையிலே, பாத்ரூம் என்னும் பளபளப்புப் போர்க்களத்திலே, அம்மாவீரர் கீழே விழாமல் குளித்த வரலாற்றைச் சொல்லத் தொடங்குகிறோம்.

விழாமல் குளிப்பதும் ஒரு வீரமா என்று நகைப்போரே, சற்றுப் பொறுங்கள். எல்லையில் பகைவர் குண்டுக்குத் தப்பிய அதே இடுப்பு, பழனியில் ஒரு லாட்ஜின் ஈரத் தரைக்குத் தப்பவில்லை. நீரும் சோப்பு நுரையும் கூட்டணி அமைத்துக் காத்திருந்த அந்தக் கொடுங்காலையில், பாதத்துக்குக் கவசமாகப் பூண்ட ரப்பர் செருப்பே பகைவரோடு சேர்ந்துகொள்ள, வாளியும் கவிழ, மக்கும் உருள, மலை சாய்ந்தாற்போல் சாய்ந்தார் நம் தலைவர். மாவுக்கட்டோடு ஊர் திரும்பினார்.

அத்தோடு போயிருந்தால் கதையே இல்லை. அந்த வாரம்தான் அவருடைய ஒரே தங்கை காளீஸ்வரி தன் மூத்த மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்திக் காது குத்துவது நம் பக்கத்து வழக்கம். அந்த மடிக்கு முன்னால் மன்னர்களின் அரியணை வெறும் முக்காலி. ஆனால் மாமன் மடியோ மாவுக்கட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது. நல்ல நேரம் தவறிவிடக் கூடாதே என்று சித்தப்பா மகன் சங்கையா, கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டும் சாதுவான மனிதர், தன் மடியைக் கொடுத்தார். அப்போது எடுத்த போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் காளீஸ்வரி வீட்டு ஹாலில் தொங்குகிறது. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல் காபி குடிக்கப் பழகிக்கொண்டார் இருளப்பசாமி. உண்மையைச் சொன்னால், இடுப்பை விட அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

இப்போது இளையவள் மாரிக்கனிக்குக் காதுகுத்து. இவளோடு சரி, இனிமேல் பிள்ளை இல்லை என்று காளீஸ்வரி அறிவித்துவிட்டாள். ஆகவே தாய்மாமன் என்ற பட்டத்தை மீட்க அவருக்கு இவ்வுலகில் எஞ்சியிருந்தவை அந்த இரண்டு சின்னக் காதுகளே. இடம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் நிற்கும் திருவண்ணாமலை. நாள், சனிக்கிழமை. தங்கை வீட்டில் உறவுக்கூட்டம் நிரம்பி வழிந்ததால், ஓய்வுக்குப் பின் ஓசூரில் குடியேறி, அங்கிருந்து வந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் ராஜபாளையத்து லாட்ஜில் அறை போட்டிருந்தார்கள். மறுபடியும் லாட்ஜ், மறுபடியும் பாத்ரூம். ஊரெல்லாம் காயத்துக்குக் கட்டத் துணி நெய்து அனுப்பும் அந்தச் சீமையில், தன் பொருட்டு ஒரு முழம் பேண்டேஜ் கூடச் செலவாகக் கூடாது என்று சபதம் பூண்டார் இருளப்பசாமி.

பொழுது புலர்ந்தது. கதவைத் திறந்து களத்தை நோட்டமிட்டார் தலைவர். ஐயகோ, என்ன தரை அது! முகம் பார்த்து மீசை முறுக்கலாம். இப்படியொரு கண்ணாடியைக் காலடியில் பதித்து, அதன்மேல் நீரூற்றிக் குளிக்கச் சொன்ன சிற்பியின் மதிநுட்பத்தை என்னவென்று புகழ்வது! ஆனாலும் கலங்கவில்லை வீரர். முதலில் சோப்பை நாடு கடத்தினார். அது மனைவி செல்வலட்சுமியின் கைப்பைக்குள் அடைபட்டது. துரோகம் தன் குலத்தொழிலென்று பழனியில் காட்டிக்கொடுத்த ரப்பர் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பின்பு லாட்ஜ்காரன் தந்த துண்டுகள், வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டுகள், செல்வலட்சுமி தலை துவட்ட வைத்திருந்த ஒன்றே ஒன்று, போர்வை, தலையணை உறை என்று கைக்குச் சிக்கிய துணி அனைத்தையும் ஓரம் சேர்த்து விரித்து, கதவடி முதல் குழாயடி வரை ஒரு ராஜபாட்டை சமைத்தார்.

"என்னங்க இது, துணி காயப்போடுதீகளா, குளிக்கப் போறீகளா?" என்று கேட்டாள் செல்வலட்சுமி.

"ஏட்டி செல்வி, கேட்டுக்கோ! இன்னைக்கு இந்தத் தரையால என்னைய ஒண்ணும் பண்ண முடியாது!" என்று முழங்கி, தாழிட்டு, களம் புகுந்தார் தலைவர்.

இங்கேதான், அன்பர்களே, விதி எண்ணெய்க் குப்பியின் உருவில் அவர் கையருகே வந்து நின்றது. சனிக்கிழமை! சனிக்கிழமை தலைக்கு ஊற்றும் ஆண்மகன் நல்லெண்ணெய் தேய்க்காமல் ஊற்றுவானா? பனிமலைக் கூடாரத்தில், எண்ணெய் உறைந்து கட்டியாகிப் போன காலத்திலும், அடுப்பில் காட்டி உருக்கித் தேய்த்த மரபல்லவா அது! தங்கை முந்தின நாளே கொடுத்தனுப்பிய செக்கு எண்ணெய் ஜன்னல் திட்டில் பொன்னிறமாக நின்றது. யோசனை கேட்காமலே கை குப்பியைத் திறந்தது. உச்சி குளிர, காது மடல் குளிர, மார்பும் முதுகும் தொடையும் முழங்காலும் குளிரக் குளிர, குப்பியின் அடிவரை தேய்த்து முடித்துப் பெருமூச்சு விட்டார். பிறகு மக்கைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

முழங்கையிலிருந்து ஒரு சொட்டு. விழுந்த இடத்தில் தரை சிரித்தது. வழுக்காமலிருக்க இத்தனை அரண் கட்டிய மதியூகி, அந்த அரணுக்கு நடுவே தன்னையே எண்ணெயில் முக்கியெடுத்து நிறுத்தியிருந்தார். பகைவன் வெளியே இல்லை, குதிகாலில் இருந்தான். இதன்மேல் ஒரு வாளி நீரும் சீயக்காயும் சேர்ந்தால் பழனி மீண்டும் நிகழும் என்பதைக் கணப்பொழுதில் கண்டுகொண்ட தலைவர், போர்நூல் எதிலும் சொல்லப்படாத ஒரு வியூகத்தை வகுத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவனை எந்தத் தரை வீழ்த்த முடியும்?

வெளியே கதவு இடிபட்டது. "ஏங்க! எம்புட்டு நேரம்? கார்க்காரரு ஹாரன் அடிக்காரு. காளீஸ்வரி போனுக்கு மேல போன் போடுதா!"

"நான் இன்னும் விழலட்டி!" என்றது உள்ளிருந்து வீரகர்ஜனை.

"விழலன்னா வெளிய வாங்க!"

நியாயமான கோரிக்கைதான். ஆனால் எழுந்தால் அல்லவா வருவதற்கு! பெருமாள் கோயிலுக்குப் போகிறோமே என்ற பக்தியால் ஒரே ஒரு மக்கு நீரை உச்சியில் மெல்லக் கவிழ்த்துக்கொண்டு, அதையே கங்கா ஸ்நானமாகக் கருதி, பனிமலை ஏறிய பாதங்கள் ஓய்வெடுக்க, உட்காரும் பாகமே படைநடத்த, அங்குலம் அங்குலமாக ராஜபாட்டையைக் கடந்தார் இருளப்பசாமி. கதவுப் பிடியைப் பற்றி எழுந்து நின்றபோது அந்த முகத்தில் தெரிந்த வெற்றிக்களை பேரரசர்களுக்கும் வாய்க்காதது. துடைத்துக்கொள்ளத்தான் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. எல்லாத் துண்டும் களத்தில் எண்ணெய் குடித்துக் கிடந்தன.

"என்னங்க, எண்ணெயே போகலையே! வழியுது!" என்று பதறினாள் செல்வலட்சுமி.

"வழிஞ்சா வழியட்டும். இடுப்பு இருக்கு பாரு" என்று, அந்த மினுமினுப்பின் மேலேயே புதுப் பட்டு வேட்டியைக் கட்டி, சட்டை போடாமல் அங்கவஸ்திரத்தை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

குன்றின் படிகளைச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொன்றாக வென்று மண்டபத்தை அடைந்தார். ஆசாரி ஊசியோடும் தங்கக் கம்பியோடும் காத்திருந்தார். உறவெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காளீஸ்வரி மட்டும் ஓடி வந்தாள்.

"அண்ணே! நேரமாச்சு, சங்கையா அண்ணன் மடியில வைங்கன்னு அம்புட்டுப் பேரும் சொல்லுதாக. எங்க அண்ணன் வராம குத்தக் கூடாதுன்னு நான்தான் ஆசாரியை நிப்பாட்டி வச்சிருக்கேன்."

இருளப்பசாமி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். பழனிக்குப் பிறகு தங்கை அவரிடம் இவ்வளவு உரிமையோடு பேசியதே இல்லை. ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு அமர்ந்தார். சங்கையா கைகட்டி ஒதுங்கி நின்றார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய மாரிக்கனி, பட்டுப்பாவாடையோடு, அந்த மாமன் மடியில் இறக்கிவைக்கப்பட்டாள். போட்டோக்காரர் குனிந்தார். நாதஸ்வரம் எழுந்தது. மலையும் காடும் மேகமும் காண, இழந்த அரியணையை மீட்ட பெருமான் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

ஆசாரியின் கையில் ஊசியைக் கண்டாள் குழந்தை. வீல் என்று அலறி முறுக்கித் திமிறினாள். இறுக்கிப் பிடித்தார் மாமன். பிடித்த பிடி அத்தனையும் நல்லெண்ணெயில் நழுவியது. விலாங்கு மீன் போல அந்தக் கைகளுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு, பட்டின் மேல் பட்டாகச் சறுக்கி, தொடையைக் கடந்து, மண்டபத்துக் கல்தரையை நோக்கித் தலைகீழாகப் போன மாரிக்கனியை, தினமும் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய இரண்டு காய்ந்த கைகள் பாய்ந்து தாங்கின. சங்கையாவின் கழுத்தைக் கட்டிக்கொண்ட குழந்தை தேம்பித் தேம்பிச் சொன்னாள்: "நா போமாட்டேன்! அந்த மாமா வழுக்குது!"

மண்டபம் சிரித்தது. காளீஸ்வரி சிரிக்கவில்லை, அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். களம் பல கண்டவரும், தரையை வென்றவரும், இடுப்பில் ஒரு கீறலும் இல்லாதவருமான அந்தத் தனிப்பெருந்தலைவர், எண்ணெய் வழியும் இரு கரங்களையும் அப்படியே ஏந்தியபடி, காலியான மடியோடு, ஆசாரி ஊசியை மறுபடி துடைப்பதைப் பார்த்துக்கொண்டு வீற்றிருந்தார்.

பிள்ளைக்குச் சங்கையா மடியில் வைத்துக் காது குத்தினார்கள்.