ஸ்னெதர்பி தேவாலயத்தின் பழம்பெரும் கழிப்பிடம்

எங்கள் ஸ்னெதர்பி கிராமத்துத் தேவாலயத்துக்கு எழுநூறு வயது. உயர்ந்த கோபுரம் உண்டு. சிங்கத்தின் மேல் கால் நீட்டிப் படுத்திருக்கும் கல்வீரன் உண்டு. மூக்குடைந்த புனிதர்கள் ஏராளமாய் உண்டு. கழிப்பறை மட்டும் இல்லை. நான் அங்கே மணியடிக்கிறவன் என்பதால், நடந்ததையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவன்.

விஷயத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் பாடகர் குழுவின் வினிஃப்ரெட் தர்லோ. எண்பதைத் தாண்டியவர். ஈஸ்டர் ஆராதனையின் நடுவில், கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் பழைய யூ மரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போனார். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது.

"பாஸ்க் ஐயா, ஒண்ணு பிரசங்கத்தைச் சுருக்குங்க. இல்லேன்னா ஒரு கக்கூஸ் கட்டுங்க. ரெண்டும் முடியாதுன்னா நான் பாட வரல" என்றார்.

பாதிரியார் பாஸ்க் ஆழ்ந்து யோசித்தார். கட்டுவதுதான் எளிது என்று முடிவெடுத்தார்.

அனுமதி வேண்டுமே! தொன்மைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து டாக்டர் கிராப் வருகை தந்தார். சுவரைத் தடவினார், கண்களை மூடிக்கொண்டார்.

"எழுநூறு வருஷமா கழிப்பறை இல்லாமலே இருந்திருக்கீங்க. இல்லாமையும் ஒரு மரபுதான்மா."

"அப்படி இருந்தவங்க எல்லாரும் வெளியில புதைஞ்சு கிடக்காங்க ஐயா" என்றார் வினிஃப்ரெட்.

பெரிய மனதோடு, வடக்குச் சுவரோரம் ஒரு சோதனைக் குழி தோண்ட மட்டும் அனுமதித்தார் கிராப். இடுப்பளவு தோண்டியதும் ஒரு கற்பலகை தட்டுப்பட்டது. அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை. கிராப் சேற்றில் மண்டியிட்டார்.

"துறவிகள் காலத்துக் கழிப்பிடம்!"

"இல்லாததுதான் மரபுன்னு சொன்னீங்களே?" என்றார் வினிஃப்ரெட்.

"இருந்ததுதான் மரபுன்னு இப்ப நிரூபணமாயிடுச்சு."

"ரொம்ப நல்லது. அப்ப அதே இடத்துல கட்டிடலாம்."

கிராப் திடுக்கிட்டு எழுந்தார். "கழிப்பிடத்துல போய்க் கழிப்பறை கட்டுறதா? தொன்மை என்ன ஆகுறது?"

குழிக்கு மேல் கண்ணாடி போட்டார்கள். விளக்கு வைத்தார்கள். 'இக்கழிப்பிடத்தைக் கழிப்பிடமாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்' என்று பலகை நட்டார்கள். பேருந்து பேருந்தாக ஜனம் வந்தது. கடைக்காரர் கட்ஜன் நடுவில் துளைவிட்ட பிஸ்கட் சுட்டு விற்றார். பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டுக்குத் 'துறவியர் துளை இல்லம்' என்று பெயர் மாற்றினார். கண்ணாடி வழியே பயபக்தியுடன் பார்த்து முடித்த அத்தனை பேரும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நாங்கள் யூ மரத்தைக் காட்டினோம். மரத்தின் இலைகள் ஒரு பக்கமாகப் பழுத்து உதிரத் தொடங்கின.

குளிர்காலத்தில் கிராப் எங்கள் கழிப்பிடத்தைப் பற்றி நீண்ட சொற்பொழிவு ஆற்ற வந்தார். பாதியில் கால் மாற்றி நின்றார். கடைசிப் பகுதியை மிக வேகமாக வாசித்தார். மறுவாரமே, மதிலுக்கு வெளியே கழிப்பறை கட்டிக்கொள்ள அனுமதி வந்துவிட்டது.

ஊர்க்கூட்டம் கூடியது.

"மதிலோரம் கக்கூஸ் வந்தா அழகு கெட்டுடும்" என்றார் கட்ஜன்.

"உலகத்துல எங்கயும் கழிப்பறை இருக்கு. துறவிகள் கழிப்பிடம் இங்கதானே இருக்கு?" என்றார் பாதிரியார்.

வினிஃப்ரெட்டைத் தவிர எல்லோரும் வேண்டாம் என்று கை தூக்கினோம். நானும்தான்.

"எர்னி, நீ கூடவா?" என்றார் வினிஃப்ரெட். "மணிக்கயித்தப் பிடிச்சிக்கிட்டு நீ நெளியிறத நான்தானேப்பா வாராவாரம் பாக்கறேன்!"

நான் குனிந்து என் காலணியைப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் பக்கத்து ஊர்ச் சிற்றாலயத்துக்குப் போய்விட்டார். தகரக்கூரை போட்ட கட்டடம். வரலாறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனால் கழிப்பறை இருந்தது, வெந்நீரோடு. மெல்ல மெல்லப் பாடகர் குழுவும் அவர் பின்னால் போனது. நானும் இங்கே மணியை அடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே ஓடலானேன்.

ஒருநாள் அங்கே வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் பழகிய குரல். பாஸ்க்.

"சபைகளோட ஒற்றுமை பத்திப் பேசலாம்னு வந்தேன், எர்னி" என்றார். "வரிசை ரொம்ப மெதுவாப் போகுதே?"

கதவு திறந்தது. உள்ளேயிருந்து டாக்டர் கிராப் வெளிவந்தார். முகத்தில் நிம்மதி. எங்களைப் பார்த்துத் தலையசைத்தவர், சட்டென்று நின்று அண்ணாந்து பார்த்தார். தகரக்கூரையைத் தட்டினார். கண்களை மூடிக்கொண்டார்.

"அருமை! இதையெல்லாம் யாராவது பாதுகாக்கறாங்களா?"

வரிசை உறைந்து நின்றது. முதலில் சுதாரித்தவர் வினிஃப்ரெட்தான்.

"எல்லாரும் சீக்கிரம் போயிட்டு வந்துடுங்கப்பா!"