கட்டுரையை நிறுத்துங்கள், சுவாமி மாமா

சேசு மரி சூசை

குருநகர்,
21.03.1995

என்றும் மரியாதைக்குரிய சுவாமி மாமாவுக்கு,

உங்கள் மருமகள் யோசப்பின் முழந்தாளில் நின்று எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே இவர் சுகம். மகள் ஸ்ரெல்லாவுக்கு மூக்கு ஒழுகுவதைத் தவிர மற்றப்படி சுகம். மாமி வழமைக்கு மேலான சுகம், அதுதான் பிரச்சினை, அதைப் பிறகு சொல்கிறேன். இளவாலைப் பனியிலும் உங்கள் மூச்சிழுப்புக் குறைந்திருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு மணி உங்களுக்கென்று ஒதுக்குகிறோம். நல்ல செய்திகள் இத்துடன் முடிந்தன.

இந்தக் கடிதத்தை மூன்று நாட்களுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பேனையை எடுப்பதும் வெட்கத்தில் வைப்பதுமாக நாட்கள் போய்விட்டன. மாமா, உங்கள் மாத இதழுக்கு நான் அனுப்பிய ‘நீர்வேலிக்கு அப்பால் ஒரு மறந்துபோன சிலுவையடி’ என்ற கட்டுரையைத் தயவுசெய்து அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டால், எழுத்துக் கோக்கிறவரிடம் சொல்லிக் கலைத்துவிடுங்கள். கடதாசித் தட்டுப்பாட்டில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் இதழ் அடிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தாளில் ஒரு பிள்ளை பிழையாகப் பெருக்கல் கணக்குச் செய்தாலும் என் கட்டுரையைவிட அதில் உண்மை கூட இருக்கும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை எங்கள் மாதா சபைப் பெண்கள் ஒரு நாள் பயணம் வெளிக்கிட்டார்கள். சண்டை நின்று இரண்டு மாதம், கடலுக்குப் போகிறவர்கள் போகத் தொடங்கிவிட்டார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கும் எங்கேயாவது போனால் நல்லது போல இருந்தது. பழைய கோயில்களையும் பழைய இடங்களையும் பார்ப்பது, வழியில் செபமாலை சொல்வது, இருட்டுவதற்கு முன் திரும்புவது என்று ஏற்பாடு. நல்லூரில் சங்கிலித் தோப்பு வளைவு, பிறகு நிலாவரைக் கிணறு, கடைசியாக மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து நிற்கிற பழைய அந்தோனியார் கோயில். இடங்களைப் பற்றி விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்ற கதை வந்தபோது மாமி எழும்பி, “எங்கடை மருமகள் சரித்திரத்திலை பி.ஏ. பிறகேன் வேறை ஆள்?” என்று சொல்லிவிட்டா. நான் மறுத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறுக்கவில்லை. கலியாணம் கட்டி நாலு வருடத்தில் என் படிப்பை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அடுப்படியிலும் கிணற்றடியிலும் போர்த்துக்கேயர் வந்த ஆண்டுகளைப் பாடமாக்கினேன்.

மாமியை, இவருடைய தாய் அற்புதராணியை, எங்கள் கலியாணத்தில் கண்டிருப்பீர்கள். அப்போது நன்றாக இருந்தா. இப்போது இரண்டு வருடமாக வலது தோள் இறுகிப்போய்க் கை காதுக்கு மேலே எழும்பாது. தலை இழுத்துக் கொண்டை போட்டுவிடுவது நான்தான். சிலுவை அடையாளம் போடுவதென்றால் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி நெற்றியில் கொண்டுபோய் வைப்பா. பூசையில் அதைப் பார்க்கிற எவரும் தாங்கள் போடுகிற சிலுவையைக் கொஞ்சம் மரியாதையாகப் போடுவார்கள்.

போனது பேதுரு அண்ணையின் வானில். பெற்றோலைக் கண்ணால் காண முடியாத காலமல்லவா, மூடியளவு பெற்றோலை ஊற்றி உயிர் கொடுத்துவிட்டு மற்றப்படி மண்ணெண்ணெயில்தான் ஓட்டுகிறார். அதற்குள் என்னைத் தவிரப் பதினெட்டுப் பெண்கள், ஸ்ரெல்லா, ஸ்ரெல்லாவுக்காக நான் கொண்டுபோன கொதித்தாறின தண்ணீர்ப் போத்தல் மூன்று, மாற்றுச் சட்டை ஐந்து, காய்ச்சல் வந்தால் ஒரு மருந்து, வராமல் இருக்க ஒரு மருந்து. நல்லூர் வளைவடியில் குறையில்லாமல் சொன்னேன். நீர்வேலி வாழைத்தோட்டங்கள் முடிகிற இடத்தில் வான் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. பேதுரு அண்ணை “அஞ்சு நிமிசம்” என்று சொல்லி முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். எல்லாரும் இறங்கினோம். வீதியோரத்தில் ஒரு கேணி, கேணிக்குப் பக்கத்தில் இடிந்த கடல் முருகைக்கல் சுவர் கொஞ்சம், சுவருக்கு முன்னால் இடுப்பளவு உயரத்தில் தனியே ஒரு கல் நட்டு நின்றது. பதினெட்டுப் பேரும் கல்லைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். இதற்கு ஒன்றும் இல்லையா என்று கேட்கிற பார்வை.

எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, மாமா. கிட்டப் போய்ப் பார்த்தேன். கல் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரித் தேய்ந்து மினுங்கியது. மேலே, சிலுவை என்று நினைத்துப் பார்த்தால் சிலுவை போன்ற ஒரு கீறல். முருகைக்கல் சுவர் என்றால் போர்த்துக்கேயர் கட்டினது, கேணி என்றால் ஞானஸ்நானம், கல் என்றால் சிலுவையடி. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. வாயைத் திறந்தேன். திரும்ப மூட ஒரு மணித்தியாலம் பிடித்தது. இந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் இருந்து அழிந்துபோனது என்றேன். இந்தக் கேணியில் நூற்றுக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றேன். இந்த மினுக்கம் நாலு நூற்றாண்டு விசுவாசிகளின் நெற்றியும் கையும் பட்டு வந்த மினுக்கம் என்று சொன்னபோது என் குரல் எனக்கே தழுதழுத்தது. மெழுகுதிரி கிடைக்காத இந்தக் காலத்தில் பெரிய வியாழனுக்கென்று பொத்தி வைத்திருந்த நாலு மெழுகுதிரியை எடுத்துக் கல்லின் தலையில் கொளுத்தினார்கள். மாதா பாட்டுப் பாடினார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து கல்லில் வாய் வைத்து முத்தி செய்தார்கள். ஸ்ரெல்லா இரண்டு தரம் செய்தாள், இரண்டாவது தரம் நான்தான் தூக்கிப் பிடித்தேன். கடைசியாக மாமி வந்தா. முத்தி செய்யவில்லை. திரும்பி நின்று, இறுகின தோளைக் கல்லில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழும் கனநேரம் தேய்த்தா.

அதற்குப் பிறகு அன்றைய பயணத்தில் சரித்திரத்துக்கு இடம் இருக்கவில்லை. நிலாவரையில் கிணற்றின் அடியைக் கண்டவர் இல்லையாம் என்ற ஒரே காரணத்தால் நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீதியில் நின்றே கத்தி விளக்கம் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை, எல்லார் வாயிலும் அந்தக் கல்தான். மணற்காட்டில் உண்மையான பழைய கோயில் மணலுக்குள் அவ்வளவு வடிவாக நிற்கிறது. அதன் முன்னால் நின்று வெயிலுக்கு மாமி கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டா. வலது கையை. தானாக. பதினேழு பெண்களும் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமியின் கையைப் பார்த்தார்கள். அடுத்த கிழமை ஒரு காலை நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனபோது மாமி கொண்டை போட்டு முடித்திருந்தா.

பிறகு கட்டுரை எழுதாமல் எப்படி இருப்பது? எழுதினேன், அனுப்பினேன். நல்லாயிருக்கிறது, கல்லின் உயரத்தையும் சுற்றளவையும் அளந்து அனுப்பு என்று நீங்கள் எழுதினீர்கள். போன சனிக்கிழமை இவர் என்னையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி உழக்கிக்கொண்டு போனார். தையல் நாடாவோடு நான் இறங்கினபோது கல்லடியில் ஒரு சிவலைப் பசு நின்றது. கழுத்தைக் கல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலும் கீழும் உரஞ்சிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு வயதானவர் கயிற்றைப் பிடித்தபடி அது முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். மார்க்கண்டு என்று பெயர், தோட்டக்காரர். என் கையில் நாடாவைக் கண்டதும் அரசாங்கக் கச்சேரியிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்து முறைப்பாட்டைத் தொடங்கிவிட்டார்.

“பிள்ளை, ஆரோ வந்து உதின்ரை தலையிலை மெழுகுதிரி கொளுத்திப்போட்டுப் போட்டினம். மெழுகு வழிஞ்சு ஒட்டிக் கிடக்கு. ரெண்டு கிழமையா மாடு வழுக்குது. ஆவுரஞ்சிக் கல்லிலை ஆரும் மெழுகு ஊத்துவினமோ?”

ஆவுரஞ்சிக் கல். ஆ உரஞ்சுகிற கல். அந்தச் சொல்லைப் பல்கலைக்கழகத்தில் ஒரு புத்தகத்தில் வாசித்து அடிக்கோடும் இட்டிருக்கிறேன், மாமா. ஆனால் குருநகரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வள்ளம் கட்டுகிற கல்லைத்தான் தெரியும், மாடு சொறிகிற கல்லை எங்கே கண்டேன்? சிலுவை என்று நான் சொன்ன கீறல் மாட்டுச் சங்கிலி பட்ட தடமாம். முருகைக்கல் சுவர் வண்டில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கக் கட்டின தொட்டியின் மிச்சமாம். கல்லை நாட்டினது அவருடைய பாட்டனாராம். ஏன் நாட்டினவர் என்று, எழும்பாத குரலில், சும்மா கேட்டேன். மார்க்கண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“கையில்லாத சீவன் பிள்ளை. அதுக்கு முதுகு கடிச்சா ஆரிட்டைப் போறது?”

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. கொளுத்தினவர்கள் யாராக இருக்கும் என்று அவரோடு சேர்ந்து நானும் யோசித்தேன். இவர் சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு வாழைத்தோட்டப் பக்கம் போய் நின்று சிரித்துவிட்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும், “நாலு நூற்றாண்டு விசுவாசம் எண்டு சொன்னனீர். மாட்டுக்கு விசுவாசம் இருக்கக் கூடாதோ?” என்று கேட்டார். நான் நேரே கிணற்றடிக்குப் போனேன். ஸ்ரெல்லாவை வேப்பிலைத் தண்ணீரில் மூன்று தரம் குளிப்பாட்டி, தலையிலும் காதுக்குள்ளும் மாட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தேன். அவள் அந்தக் கல்லை முத்தி செய்த வாயால் என்னையும் முத்தி செய்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வருகிற இருபத்தைந்தாம் திகதி, மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளில், இரண்டாவது பயணம் வைத்திருக்கிறார்கள். இந்த முறை இரண்டு வான், மணற்காடு இல்லை, நேரே கல்லடிக்குத்தான். முழங்கால் நோகிறவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். செல்வநாயகி அக்கா மூன்று வயதாகியும் பேச்சு வராத தன் பேரனைக் கொண்டுவருகிறாவாம். அந்தப் பிள்ளையின் வாயை அதில் வைக்க நான் விடலாமா? உண்மையைச் சொன்னால் மாமி என்ன ஆவா? நம்பிக்கையால் எழும்பின கை, நம்பிக்கை போனால் திரும்ப இறுகிவிடாதா? பி.ஏ. மருமகள் என்று ஊருக்குச் சொன்ன மனிசிக்கு முன்னால் நின்று, மாமி, நீங்கள் தோளைத் தேய்த்தது மாடு முதுகு சொறிகிற கல்லில் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் அது பொய் சொல்லாதே என்ற எட்டாம் கற்பனைக்கு விரோதமா, அல்லது வெறும் பெருமையா, இரண்டும் சேர்ந்ததா? பாவசங்கீர்த்தனத்துக்கு இங்கே எங்கள் பங்குச் சுவாமியிடம் போகலாம், ஆனால் அவரும் இரண்டாவது வானில் இடம் கேட்டிருக்கிறார். ஆனபடியால் நீங்கள்தான் ஒரு சிறு குறிப்பு எழுதித் தரவேண்டும். அந்த இடத்தைப் பற்றி இன்னும் ஆராயவேண்டி இருக்கிறது, அதுவரை ஒருவரும் போகவேண்டாம் என்று இரண்டே வரி. என் பெயர் வராமல்.

உங்கள் ஆசீர்வாதத்தை இவருக்கும் பிள்ளைக்கும் அனுப்புங்கள். எனக்கு இந்த முறை வேண்டாம், தகுதியானபோது கேட்டு வாங்குகிறேன். மணியடிக்கிற கோயில் பிள்ளைக்கும், உங்களுக்குச் சமைத்துத் தருகிற நாகேஸ்வரி அக்காவுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் காலடியில்,
வெட்கத்தோடு,
யோசப்பின்

பி.கு. (22.03.1995): மேலே எழுதினதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கடிதத்தை ஒட்டப்போகும்போது மாமி உங்களுக்குத் தன்னுடைய தோத்திரத்தையும் எழுதித் தருவதாகச் சொல்லி வாங்கி, வாசலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டா. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஒளித்துவிட்டேன். அங்கேயே வந்துவிட்டா.

“உது ஆவுரஞ்சிக் கல்லெண்டு கண்டவுடனை தெரியும். அரியாலையிலை நாங்கள் மாடு வளர்த்த ஆக்கள். மாட்டின்ரை உளைவை எடுக்கிற கல்லு மனிசிக்கு எடுக்காதோ? அதுக்குப் பிறகு நாள் தவறாமல் குசினிக் கதவு நிலையிலை தேய்க்கிறன், நீ எங்கை கண்டனீ.”

அப்படியென்றால் ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அத்தனை பேருக்கு முன்னாலை என்ரை மருமகளை நான் பிழையெண்டு சொல்லுறதோ?”

பாதிப்பேருக்கு மேல் தெரியுமாம், மாமா. மற்றவர்களுக்கு வானில் திரும்பி வரும்போது காதோடு காதாகச் சொல்லியாகிவிட்டதாம். மெழுகுதிரி கொளுத்தாவிட்டால் நான் மனம் நொந்துபோவேன் என்றுதான் கொளுத்தினார்களாம். செல்வநாயகி அக்காவின் பேரன் மாட்டைக் கண்டால் மட்டும் ஏதோ சத்தம் போடுவானாம், மாடு வருகிற இடமென்று தெரிந்துதான் கொண்டுவருகிறாவாம். சனிக்கிழமை முதல் வேலை தும்பால் மெழுகைச் சுரண்டுவது, பிறகு மார்க்கண்டரிடம் மன்னிப்புக் கேட்பது, அதை நான் கேட்கவேண்டுமாம். இன்னும் ஒன்று. பேதுரு அண்ணை வானைப் பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாராம். நான் கதைத்த கதையை இடையில் நிறுத்தி ஏறுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லையாம். கனகாலத்துக்குப் பிறகு எல்லாரும் ஓரிடத்தில் ஒரு மணித்தியாலம் பயமில்லாமல் நின்றோம் என்று மாமி சொல்கிறா.

ஆனபடியால் குறிப்பு எழுத வேண்டாம். பங்குச் சுவாமிக்கும் தெரியுமாம். கட்டுரையைப் போடத்தான் வேண்டுமென்று மாமி நிற்கிறா, கல் யாருக்கென்று மட்டும் திருத்தி எழுதச் சொல்கிறா, எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டால், கெஞ்சிக் கேட்கிறேன், என் பெயரை எடுத்துவிடுங்கள். மாமி என்னவென்றால் என் பெயரோடு பி.ஏ.யையும் சேர்த்துப் போடச் சொல்கிறா.